இடது பக்கத்துப் பெடல்

ஏப்ரல் 1, செவ்வாய்

முதல் தேதியும் அதுவுமாகச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், ஆனாலும் எழுதி வைக்கிறேன். நின்றுகொண்டிருந்த எங்கள் கார் இன்று தானாக நகர்ந்தது.

காலையில் லோகநாயகிக்கு வகுப்பு. கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிற பெண். கோத்தகிரிக்கு மாற்றல் வந்துவிட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு மலையேற முடியாது என்று கார் ஓட்டப் படிக்கிறாள். ரயில்வே கேட் மூடியிருந்ததால் ஒரு லாரிக்குப் பின்னால் சரிவில் நிறுத்தினோம். கொஞ்ச நேரத்தில், "அக்கா, பெடல் தானா கீழ போகுதுங்" என்றாள். கால்ல தெம்பில்லையா, காலையில சாப்பிட்டியா இல்லையா என்று ஒரு அதட்டு போட்டேன். பாவம், இன்னும் பலமாக மிதித்தாள்.

பிறகு மனசு கேட்காமல் என் பக்கத்துப் பெடலில் கால் வைத்தேன். டிரைவிங் ஸ்கூல் கார்களில் பிரேக் பெடல் இரண்டு. ஓட்டுகிறவருக்கு ஒன்று, இடது பக்கம் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறவருக்கு ஒன்று. நடுவில் ஒரு கம்பி இருப்பதால் எதை மிதித்தாலும் இரண்டும் சேர்ந்து இறங்கும். மிதித்தேன், கெட்டியாகத்தான் இருந்தது. காலை எடுக்காமல் அப்படியே பிடித்திருந்தேன். சேற்றில் கால் புதைகிற மாதிரி மெல்ல மெல்லக் கீழே போனது. லாரியின் பின்பலகை எங்களை நோக்கி வந்தது. ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். இன்னும் ஒரு சாண் போயிருந்தால் முட்டியிருப்போம்.

சாயங்காலம் இவரிடம் சொன்னேன். எங்க வீட்டுக்காரர் நாச்சிமுத்து முப்பது வருஷமாக வண்டி ஓட்டுகிறவர், ஒரு கீறல் கிடையாது. அதை அவரே நாளுக்கு ஒரு தடவை சொல்வார். பெண்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கிறேன், ஆண்களுக்கு அவர். ஆனால் யாராக இருந்தாலும் கடைசி வகுப்பு அவருடையதுதான். கோத்தகிரி ரோட்டில் ஏற்றி, வளைவுகளில் இறக்கிக் கூட்டிவருவார். மலை ஏறி இறங்காதவனுக்கு லைசென்ஸ் வெறும் அட்டை என்பது அவர் கட்சி. லோகநாயகிக்கு அந்த வகுப்பு பதிமூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.

காரில் ஏறி மூன்று மிதி மிதித்தார். "கல்லாட்ட இருக்குது. உனக்குத்தான் கால் தளந்து போச்சு" என்றார். எனக்கு உச்சந்தலை வரை ஏறியது.

பிறகுதான் பார்த்தேன், ஒற்றைச் செருப்போடு நின்றார். மற்றது வார் அறுந்துபோனதால் எறிந்துவிட்டாராம். அறுந்த வாருக்கு ஊக்கு குத்தி ஒரு வருஷம் ஓட்டுகிற மனுஷன்.

ஏப்ரல் 2, புதன்

யூசுப்பை வரச் சொன்னேன். எங்கள் காருக்கு ஆரம்பத்திலிருந்தே அவர்தான் மெக்கானிக். கெட்டிக்காரர், ஆனால் எப்போதும் அடுத்த வண்டிக்கு அவசரம். பிரேக் ஆயில் டப்பாவைப் பார்த்தார், நிறைந்திருந்தது. நாலு சக்கரத்தையும் கழற்றி உள்ளே விரல் விட்டுத் தடவினார், எங்கும் ஈரமில்லை. ரப்பர் குழாய்களை வளைத்துப் பார்த்தார், வெடிப்பில்லை. பிறகு அவரும் ஏறி இரண்டு மிதி மிதித்துவிட்டு இறங்கினார்.

"வண்டில ஒண்ணுமில்லீங்க்கா."

பக்கத்தில் நின்ற இவர் மீசைக்குள் சிரித்தார். மிதித்துப் பார்க்காதீர்கள், பிடித்துப் பாருங்கள், பிடித்தால்தான் இறங்குகிறது என்று சொன்னேன். யூசுப் ஏதோ பிடித்த மாதிரி பிடித்தார், மனசு முழுக்க வாசலில் நின்ற பைக்கில் இருந்தது. இரண்டு ஆம்பளை சேர்ந்து ஒன்று சொன்னால் அது சாட்சியாம், ஒரு பொம்பளை சொன்னால் சந்தேகமாம்.

மத்தியானம் குழம்பில் உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன். இவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஏப்ரல் 3, வியாழன்

இன்றும் இறங்கியது. யாரிடமும் சொல்லவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

வீடு கழுவினேன். கூடத்திலிருந்து அடுப்படி வரை சின்னச் சின்னச் சிவப்புப் பொட்டுகள். முதலில் குங்குமம் கொட்டியிருக்கிறது என்று நினைத்தேன். துணியால் துடைத்தபோதுதான் ரத்தம் என்று தெரிந்தது. தடத்தைப் பிடித்துக்கொண்டு போனால், இவர் ஈஸிசேரில் காலை நீட்டிப் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். வலது குதிகாலில் கருவேல முள், முக்கால் விரல் நீளத்துக்கு இறங்கியிருந்தது. "அட, இது எப்பக் குத்துச்சு" என்று என்னையே கேட்டார். ஊக்கை வைத்து எடுத்துவிட்டு மஞ்சள் வைத்தேன். தோல் தடித்துப்போன கால், வயலில் நடந்து வளர்ந்தவர்.

அதோடு காபிக்கு இரண்டு கரண்டி சர்க்கரை வேறு. மாத்திரை போட்டீர்களா என்று கேட்டால் போட்டாச்சு என்பார். இந்த வயசில் சர்க்கரை யாருக்குத்தான் இல்லை.

சாயங்காலம் அவரிடம் படிக்கிற ஆள்கள் இரண்டு பேர் ஓட்டிப் பழகிவிட்டு வந்தார்கள். பிரேக் எப்படி என்று கேட்டேன். ஒருவன் இவர் முகத்தைப் பார்த்துவிட்டு, நல்லாத்தானுங்க இருக்குது என்றான். சார் சொன்னால் வேதவாக்கு. ஒருவேளை என் கால்தான் தளர்ந்துவிட்டதோ என்று எனக்கே தோன்றிவிட்டது. படி ஏறி இறங்கிப் பார்த்தேன். என் காலுக்கு ஒன்றுமில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

காளியம்மன் கோயிலுக்குப் போனோம். உச்சி வெயில், பிரகாரத்துக் கல் அடுப்புத் தோசைக்கல்லாகக் கொதித்தது. ஊரே நொண்டி விளையாடிக்கொண்டு ஓடுகிறது. நான் சேலையை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு நிழல் நிழலாகத் தாவினேன். இவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிதானமாகச் சுற்றி வந்தார். பூக்காரம்மா பார்த்துவிட்டு, இதுதாங்க பக்தி, ஐயாவுக்குச் சுடவே இல்ல பாருங்க என்றாள். நானும் ஆமாமென்று சிரித்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு உட்கார முடியவில்லை. அலமாரியை இழுத்துப்போட்டு அடுக்கினேன். அடுக்கியதையே மறுபடியும் அடுக்கினேன். அடுத்த ஞாயிறு மலை வகுப்பு. பெடல் இறங்குகிற காரில், இறங்குவதாக நம்பாத ஆள், அந்தப் பெண்ணை உட்காரவைத்து வளைவுகளில் இறங்கப் போகிறார். மலையிறக்கத்தில் பிரேக்கை ஒரு மிதி மிதித்து விட்டால் போதாது, பிடித்துப் பிடித்துத்தான் வர வேண்டும்.

ஏப்ரல் 7, திங்கள்

இன்று நான் ஜெயித்தேன்.

மனுஷர் காலை நம்பினால் ஆளுக்கொரு நியாயம் வரும் என்று ஒட்டடைக் கம்பை எடுத்தேன். ஓட்டுகிறவர் சீட்டுக்கும் பிரேக் பெடலுக்கும் இடையே வைத்து அளந்து, அளவுக்கு அறுத்தேன். சீட்டை முன்னுக்குத் தள்ளியதும் கம்பு பெடலை நன்றாக அமுக்கிக்கொண்டு இறுகி நின்றது. அசைத்துப் பார்த்தேன், அசையவில்லை. யூசுப்பையும் இவரையும் கூப்பிட்டு, டீ குடிக்கலாம் வாங்க, கதவைத் தொடாதீங்க என்றேன். இரண்டு பேரும் ஒன்றும் புரியாமல் டீ குடித்தார்கள். உளுந்து வடை மீதி இருந்தது, அதையும் கொடுத்தேன்.

காருக்குள் டொக் என்று சத்தம். கம்பு தரைவிரிப்பில் கிடந்தது.

வழுக்கியிருக்கும் என்றார் இவர். மறுபடி இறுக்கினேன். இந்த முறை யூசுப் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். பெடல் தன்பாட்டுக்கு இறங்கியது, கம்பு தளர்ந்தது, விழுந்தது. யூசுப் வடையைக் கீழே வைத்துவிட்டார்.

"மாஸ்டர் சிலிண்டருங்க்கா. உள்ளுக்குள்ள ரப்பர் தேஞ்சு போச்சு."

பெடலை மிதித்தால் அந்தச் சிலிண்டர்தான் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுகிறது. உள்ளே இருக்கிற ரப்பர் தேய்ந்தால், தள்ளின ஆயில் அதன் ஓரமாக வழிந்து பின்னுக்கே வந்துவிடுமாம். வெளியே ஒரு சொட்டுக்கூட வராது, டப்பாவிலும் குறையாது. சட்டென்று மிதித்தால் கெட்டியாக இருக்கும், நின்று பிடித்தால்தான் குட்டு வெளிப்படும். நீங்க சொன்னப்பவே பார்த்திருக்கணும் என்று யூசுப் தலையைச் சொறிந்தார்.

இவர் ஒட்டடைக் கம்பைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தெனமும் இதே வண்டிலதான உக்காந்திருக்கறேன். எங்காலுக்குத் தெரியாமயா போயிரும்?"

இட்லிக்கு அரிசி ஊறிக்கொண்டிருந்தது, ஆட்டப் போய்விட்டேன். ஜெயித்த பிறகு வருகிற சந்தோஷம் ராத்திரி வரை வரவேயில்லை.

ஏப்ரல் 9, புதன்

புதுச் சிலிண்டர் மாட்டியாயிற்று. இன்று நடந்ததைக் கட்டாயம் எழுத வேண்டும், எழுதாவிட்டால் நாளைக்கு நானே அப்படி நடக்கவில்லை என்பேன்.

சிலிண்டர் மாற்றினால் குழாய்களுக்குள் காற்று புகுந்துவிடும். அதை வெளியேற்ற இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் சக்கரத்தருகே சின்னத் திருகைத் திறப்பார். காற்றும் ஆயிலும் குமிழியிட்டுக்கொண்டு வரும். திருகை மூடுகிறவரை காலை எடுக்கவே கூடாது, எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். எங்கள் வண்டிக்கு எப்போதும் யூசுப் திருகில், இவர் பெடலில்.

"புடிங்ணா" என்பார் யூசுப். "புடிச்சாச்சு" என்பார் இவர். திறந்து மூடி, மறுபடியும் அதேதான். மற்ற நாளில் ஒரு சக்கரம் முடிய வெற்றிலை போடுகிற நேரம் ஆகும். இன்று பின்சக்கரம் ஒன்றே முடியவில்லை. குமிழி நிற்கவில்லை. யூசுப் திருகை மாற்றினார், குழாயை மாற்றினார், கடைசியில் புதுச் சிலிண்டரே கோளாறு போலிருக்கிறது, திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார்.

நான் மோர் எடுத்துக்கொண்டு போனேன். டிரைவர் பக்கத்துக் கதவு திறந்திருந்தது. இவர் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, தொடை விறைக்க மிதித்துக்கொண்டிருந்தார். நெற்றியில் வியர்வை. பின்னாலிருந்து குரல் வந்தது, புடிங்ணா.

"புடிச்சிருக்கறேன்" என்றார்.

கால் பெடலில் இல்லை. பெடலிலிருந்து நழுவி, பக்கத்தில் தரைவிரிப்பை அத்தனை பலத்தோடு அமுக்கிக்கொண்டிருந்தது. பெடல் மேலே வந்து தனியாக நின்றது.

மோரை அவரிடம் நீட்டினேன். வெயில்ல எவ்வளவு நேரம் உக்காந்திருப்பீங்க, எறங்கி மோர் குடிங்க, நான் மிதிக்கிறேன் என்றேன். ஏறி உட்கார்ந்து பிடித்தேன். ஐந்தாறு தடவையில் குமிழி நின்றது. மற்ற மூன்று சக்கரமும் மளமளவென்று முடிந்தன. பெடல் இப்போது நிஜமாகவே கல்.

கையைத் துடைத்துக்கொண்டு யூசுப் என் பக்கத்துச் சன்னலுக்கு வந்தார். இவர் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"ஞாயித்துக்கெழமை மலைக்கு நீங்களே போங்க்கா."

ஏப்ரல் 10, வியாழன்

இவருடைய சர்க்கரை மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தேன். பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது.

பழகுகிற மைதானத்தில் வேப்பமரத்தடியில் அந்த ஒற்றைச் செருப்பு கிடைத்தது. வார் அறுபடவில்லை. எடுத்து வந்து விறகுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். ஏன் வைத்தேன் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 12, சனி

நேற்றும் இன்றும் சொல்ல வாயெடுத்தேன். நேற்று அவர் காரைக் கழுவிக்கொண்டிருந்தார், சக்கரத்துக்குக்கூடப் பல் துலக்குகிற பிரஷ் போட்டுத் தேய்த்தார். இன்று மத்தியானம் லோகநாயகி போன் செய்தாள், எனக்குப் பயமாக இருக்கிறது சார் என்றாள் போலிருக்கிறது. நான் இருக்கறப்ப உனக்கென்ன சாமி பயம், எம்பக்கத்துலயும் ஒரு பிரேக் இருக்குதல்ல என்று தைரியம் சொன்னார். அடுப்படியில் நின்று கேட்டேன். கேட்டுக்கொண்டே வெங்காயம் நறுக்கினேன், வசதியாகப் போயிற்று.

இந்தத் தடவை நான் கூட்டிப் போகட்டுமா என்று கேட்டும் பார்த்தேன். மலைக்கு நீயா என்று சிரித்தார். கோபமாகக்கூட இல்லை, குழந்தையிடம் சிரிக்கிற மாதிரி. உங்கள் காலுக்கு உணர்ச்சி இல்லை என்று அந்தச் சிரிப்பைப் பார்த்து எப்படிச் சொல்வது? சொன்னாலும் நம்ப மாட்டார். பெடல் விஷயத்தில் நான் சொன்னபோது நம்பினாரா? ஒட்டடைக் கம்பு சொன்ன பிறகுதானே நம்பினார்.

அவருக்கும் ஒரு கம்பு வைத்துக் காட்ட வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 13, ஞாயிறு

காலையில் லோகநாயகி வருவதற்கு முன்னால், புதுப் பிரேக்கை ஒருதரம் மைதானத்தில் பார்த்துவிடலாம் வாங்க என்று கூப்பிட்டேன். நான் ஓட்டுகிறேன், நீங்கள் உங்கள் இடத்தில் உட்காருங்கள் என்றேன். இடது பக்கம் ஏறினார். மைதானத்தில் ஆளில்லை, ஓரமாக இரண்டு மாடு மேய்ந்தன.

வேப்பமரத்தடியில் நிறுத்தினேன். அவர் கீழே இறங்கி நின்று மைதானத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏறிக்கொண்டார். முதல் கியரில் ஆள் நடக்கிற வேகத்தில் கிளப்பினேன்.

அந்த வெள்ளைக் கல்கிட்ட நீங்க நிறுத்துங்க, நான் பிரேக்கைத் தொட மாட்டேன் என்றேன். ஓ என்றார். கல் வந்தது. இவர் உடம்பை முன்னால் கொடுத்து மிதித்தார். கார் போய்க்கொண்டே இருந்தது. கல் பின்னால் போயிற்று. வேலிக்கட்டை நெருங்கியது. என் வலது கால் பிரேக்குக்குப் போகத் துடித்தது, அதைப் பிடித்து நிறுத்தி வைத்ததுபோல் இந்த ஜென்மத்தில் நான் எதையும் பிடித்து வைத்ததில்லை. வேலிக்கு இரண்டு கை முன்னால் ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன்.

மறுபடியும் இறங்கிவிட்டது, யூசுப் ஒழுங்காகச் செய்யவில்லை என்று கத்த ஆரம்பித்தார்.

"கீழ பாருங்க" என்றேன்.

குனிந்து பார்த்தார். பெடலுக்கு ஒரு சாண் தள்ளி, வெறுங்கால் தரைவிரிப்பை அமுக்கிக்கொண்டிருந்தது. வெகுநேரம் பார்த்தார். வேறு யாருடைய காலையோ பார்ப்பது போலிருந்தது. கையால் முழங்காலைத் தூக்கிப் பெடல்மேல் வைத்தார். பெடல் கெட்டியாக நின்றது. மறுபடி எடுத்தார்.

"செருப்பு எங்க, அம்சா?"

"ஏறுன எடத்துலயே கெடக்குதுங்க."

திரும்பிப் பார்த்தார். வேப்பமரத்தடியில் தனியாகக் கிடந்தது. புதுச் செருப்பு, போன வாரம் வாங்கினது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். இவர் என் முதுகில் தட்டிக்கொண்டிருந்தார். எப்போதிருந்து உனக்குத் தெரியும் என்று கேட்டார். புதன்கிழமை நீங்கள் பெடல் மிதித்தபோது என்றேன்.

"பொய் சொல்லாத. முள்ளு எடுக்கறப்பவே உன்ற கை நடுங்குச்சு."

நான் இறங்கிப் போய்ச் செருப்பை எடுத்து வந்தேன். குனிந்து காலில் மாட்டிவிட்டேன். அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

லோகநாயகியை மலைக்கு நான்தான் கூட்டிப் போனேன். நீங்கள் வீட்டில் இருங்கள் என்று சொல்ல மனசு வரவில்லை, அவரே பின்சீட்டில் ஏறிக்கொண்டார். அங்கே பெடல் ஏதும் கிடையாது. ஏறும்போது வாயே திறக்கவில்லை. இறங்கும்போது முதல் வளைவில் அந்தப் பெண் பதறினாள், என் காலும் பெடலுக்குப் போனது. அப்போது பின்னாலிருந்து, இரண்டாவது கியர் போடு சாமி, இப்பப் புடி, விடாத, இனி விடு என்று குரல் வந்தது. சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டுதான் சொன்னார். கீழே வந்து சேரும்வரை ஒவ்வொரு வளைவிலும் சொன்னார், ஒன்றுகூடத் தப்பாகச் சொல்லவில்லை.

நாளைக்கு வருஷப் பிறப்பு, டாக்டர் இருக்க மாட்டார். செவ்வாய்க்கிழமை போகலாம் என்று அவரே சொன்னார். கார் சாவியை ஆணியில் மாட்டாமல் என் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுத் தூங்கப் போயிருக்கிறார்.